கண்ணை விட்டுப் போகாத வண்டி

குற்றாலம் கடைத்தெருவில் குழல்வாய்மொழிக்கு எதையாவது சுலபமாக விற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு கடைக்காரருக்கும் வாய்த்ததில்லை. மங்குஸ்தான் வாங்கப் போனால் கூடையின் அடியில் கிடக்கும் பழத்தைக் கேட்பாள். கடைக்காரன் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டால், இவன் ஏன் இவ்வளவு லேசாகக் கொடுக்கிறான் என்று யோசித்து, மேலே இருக்கும் பழத்தையே போடச் சொல்லுவாள்.

அவள் பார்க்கும் வேலை அப்படி. அம்பாசமுத்திரத்தில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் கிளையில் அவள் நகை மதிப்பீட்டாளர். அடகு வைக்க வருகிறவர்களின் சங்கிலியை வாங்கித் துடைத்து, உரைகல்லில் இழுத்து, மேலே ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்க்க வேண்டும். எதிரே இருப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாலும் சரி, சாமி மேல் சத்தியம் செய்தாலும் சரி, பார்வை கல்லில் விழுந்த கோட்டை விட்டு நகரக் கூடாது. தங்கம் என்று நினைத்துப் பித்தளைக்கு அவள் ஒருநாளும் கடன் கொடுத்ததில்லை. ஆனால் அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் கிளையிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியவில்லை. பால்காரர், ஆட்டோக்காரர், டாக்டர், கட்டிய புருஷன் என்று எல்லாரையும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள்.

புருஷன் விஜயசங்கர் மெயின் அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய்க்கடை வைத்திருந்தார். அருவியில் குளிக்க வருகிறவர்கள் தலையிலும் உடம்பிலும் தேய்த்துக்கொள்ளும் மூலிகை எண்ணெயை அவரே காய்ச்சுவார். அவர் உள்ளே வருவதற்கு முன்னால் எண்ணெய் வாசம் வந்துவிடும். அவருக்குச் சர்க்கரை நோய். அதனால் வீட்டில் பலகார டப்பாவின் மூடியில் குழல்வாய்மொழி ஒரு முத்திரை ஒட்டுத்தாளை ஒட்டி, பாதி தாளிலும் பாதி டப்பாவிலும் விழும்படி கையெழுத்துப் போட்டு வைத்திருப்பாள். கிளையில் அடகு நகையை உறையில் போட்டு மூடுவதும் இதே மாதிரிதான். பிரித்தால் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். அவள் கைப்பையில் அந்தத் தாள் எப்போதும் நாலைந்து கிடக்கும்.

அவளுக்கு வந்த சோதனை இதுதான். கிளையின் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜர் பெர்சிஸிடம், இன்னொன்று குழல்வாய்மொழியிடம். இரண்டும் சேராமல் கதவு திறக்காது. போன சீசனில் குற்றாலத்து ரோட்டில் வேன்களும் கார்களும் அடைத்துக்கொண்டு, அவள் ஏறிய டவுன் பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. தென்காசி ஜங்ஷனில் திருநெல்வேலி பாசஞ்சர் அவளை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. மகள் கல்யாணத்துக்கு நகையை மீட்க வந்தவர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று கிளையையே ரெண்டாக்கிவிட்டார்கள். இன்னொரு நாளும் அதே கதை நடந்தது. மூன்றாவது முறை நடந்தால் திருவேங்கடம் கிளைக்கு மாற்றம் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். திருவேங்கடத்துக்கு ரயில் கிடையாது. அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். வேலையை விடுவதா, வீட்டை விடுவதா என்று ஆகிவிடும். தான் வீட்டில் இல்லாவிட்டால் விஜயசங்கர் டப்பாவைக் காலி செய்வார் என்பது ஒன்றில்தான் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போயேன்ட்டி" என்றார் விஜயசங்கர்.

"ஸ்டாண்டுல விட்டா பெட்ரோலை உறிஞ்சுதானுங்க. போன தடவை கண்ணாடியவே மாத்திட்டான்."

"எவன் மாத்தினான்? அது நீ சுவத்துல இடிச்ச கண்ணாடி."

"இடிச்சது எனக்குத் தெரியும். இது இடிச்ச கண்ணாடி இல்ல."

ஸ்கூட்டர் சரிப்பட்டாலும் அம்பாசமுத்திரத்தில் இறங்கிய பிறகு சிக்கல் இருந்தது. அங்கே ஆட்டோ ஆள் சேராமல் நகராது. நடந்தால் நேரம் போய்விடும். அப்போதுதான் மடக்கி எடுத்துப் போகிற பேட்டரி சைக்கிளைப் பற்றி அவள் போனில் பார்த்தாள். வீட்டு வாசலில் ஏறி, ஸ்டேஷனில் மடக்கி, ரயிலில் காலடியில் வைத்து, இறங்கியதும் விரித்து ஓட்டலாம். அவளுக்குப் பிடித்தது அந்த வேகமோ வசதியோ இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வண்டி கண்ணை விட்டுப் போகாது. அதுதான் பிடித்தது.

மேலகரத்தில் முஃபீத் என்ற இளைஞன் பேட்டரி வண்டிக் கடை போட்டிருந்தான். துபாயில் சில வருஷம் வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்த்துவிட்டு வந்தவன். கடையில் மடக்கு வண்டி இரண்டு ரகம் இருந்தது. ஒன்று சின்னச் சக்கரமும் சின்ன பேட்டரியுமாக எடை குறைந்தது. மற்றது தடித்த டயரும் பெரிய பேட்டரியுமாக எருமைக்கன்று போல நின்றது.

"உங்களுக்கு இந்தச் சின்னதுதான்க்கா சரி. ரயில்ல தூக்கி ஏத்தணும்லா" என்றான் முஃபீத்.

குழல்வாய்மொழியின் புருவம் ஏறியது. விலை குறைந்ததை ஒரு வியாபாரி எதற்காகக் கைகாட்ட வேண்டும்?

"இது எத்தனை நாளா இங்கன கிடக்கு தம்பி?"

"போன வாரம்தான்க்கா இறங்குச்சு."

"போன வாரம் இறங்கின வண்டில இவ்வளவு தூசியா?"

"கடை ரோட்டு மேல இருக்குக்கா. எம்மேலயும்தான் தூசி இருக்கு. நான் பழைய சரக்கா?"

அவள் சிரிக்கவில்லை. சின்ன வண்டியை எடுத்துப்போய் எதிரே இருந்த பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றினாள். அட்டையில் போட்டிருந்ததைவிட முள் அதிகமாகக் காட்டியது.

"பாத்தியா?" என்றாள், திருடனைப் பிடித்த மாதிரி.

"அட்டைல பேட்டரி இல்லாம போட்டிருக்காங்கக்கா." முஃபீத் பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். முள் சரியாக இறங்கியது. அதற்குப் பிறகு அவளுக்குத் தராசு மேலே சந்தேகம் வந்தது.

ஓட்டிப் பார்க்கச் சொன்னபோது முஃபீத் வண்டியைத் தென்காசிப் பக்கம் திருப்பி நிறுத்தினான். அவள் அதை அப்படியே குற்றாலத்துப் பக்கம் திருப்பினாள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று அந்த ஊரில் பிறந்தவளுக்குச் சொல்லித் தர வேண்டுமா? தென்காசிக்குப் போனால் இறக்கம், முதுகில் காற்று. தள்ளுவண்டியே தானாக ஓடும். குற்றாலத்துக்குத் திரும்பினால் ஏற்றம், முகத்தில் காற்று. வண்டியின் குணம் அங்கேதான் தெரியும். பின்னால் அரிசிப் பை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஏறினாள். சின்ன வண்டி திணறினாலும் மிதிக்க மிதிக்க ஏறியது. பெரிய வண்டி மிதிக்காமலே ஏறியது. அது அவளுக்குப் பிடித்துவிட்டது.

"அதுல ஒரு வேலை செய்யுங்கக்கா. மடக்கி, தூக்கி, இந்தப் படி மேல வைங்க" என்றான் முஃபீத். கடைப்படி மூன்றுதான். முதல் படியிலேயே அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இவன் வேண்டுமென்றே பேட்டரிக்குள் இரும்பை வைத்திருப்பானோ என்றுகூட நினைத்தாள்.

ஒரு காலை முழுக்கச் சின்ன வண்டியை இரவலாக வாங்கிப்போய், அம்பாசமுத்திரம் வரை ரயிலிலும் சோதித்தாள். பழைய போர்வையில் தைத்து ஜிப் வைத்த பையில் அதைப் போட்டுக் காலடியில் வைத்திருந்தாள். எதிர் சீட்டில் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர்.

"என்னம்மா அது, தையல் மெஷினா?"

"இல்ல."

"ஆர்மோனியமா?"

"சைக்கிள்."

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "சொல்ல இஷ்டமில்லன்னா சொல்லாண்டாம். அதுக்காக இப்படியா பொய் சொல்லணும்?"

குழல்வாய்மொழிக்கு அது பெரிய மனத்தாங்கலாகிவிட்டது. அவளை ஒருவர் சந்தேகப்படுவது அதுதான் முதல் தடவை.

கடைசியில் சின்ன வண்டியையே வாங்கினாள். சாவியைக் கொடுக்கும்போது முஃபீத் சொன்னான்: "சாரல்ல டிஸ்க் பிரேக் கீச்சுன்னு கத்தும்க்கா. பயப்படாதீங்க. ரொம்பக் கத்தினா எங்கிட்ட கொண்டு வாங்க. நீங்களா அதுல ஒண்ணும் செய்யாதீங்க."

நீங்களா ஒண்ணும் செய்யாதீங்க. அந்தச் சொல் அவள் மனசில் முள்ளாகத் தைத்தது. கத்துகிற பிரேக்கைத் தெரிந்தே கொடுத்துவிட்டு, அப்புறம் சரிசெய்கிறேன் என்று மாதாமாதம் கறக்கப் பார்க்கிறான். வேறென்ன?

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியது. வண்டி சொன்னபடி கேட்டது. அடைத்து நிற்கும் வேன்களுக்கு ஓரமாக நுழைந்து அவள் இறங்கிப் போவதை வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒருநாளும் ரயில் தவறவில்லை. ஆனால் பிரேக் பிடித்தபோதெல்லாம் அது கத்தியது. கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும் கத்தல்.

"உம் பொண்டாட்டி வந்துட்டா போல, பூனை வாலை மிதிச்ச சத்தம் கேக்கு" என்று பக்கத்துக் கடை பிச்சுமணி விஜயசங்கரைக் கேலி செய்தார்.

குற்றாலத்தில் சாரல் மாதங்களில் இரும்பு என்று எதையும் சும்மா விட முடியாது. விட்டால் துருவேறி இறுகிப்போகும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கிண்ணமும் கோழி இறகுமாக உட்கார்ந்து, கேட் கீல், பூட்டு, குடைக்கம்பி, கிணற்று உருளை என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய் விடுவார்கள். குழல்வாய்மொழியும் உட்கார்ந்தாள். எண்ணெய்க்கடைக்காரர் வீட்டில் எண்ணெய்க்கா பஞ்சம்? கேட்டை முடித்தாள், பூட்டை முடித்தாள், குடையை முடித்தாள். பிறகு வண்டியைப் பக்கத்தில் இழுத்தாள். மடக்குக் கீலில் விட்டாள். சங்கிலியில் விட்டாள். கத்துகிற இடம் எது என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, அந்த இரும்புத் தட்டிலும் அதைக் கவ்வும் கட்டையிலும், முன்னும் பின்னும், இறகை நன்றாகத் தோய்த்துத் தடவினாள்.

சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கைத் தொட்டாள். சத்தமே இல்லை.

"இதுக்குப் போயி அவங்கிட்ட போகணுமாம்" என்று புருஷனிடம் பெருமையாகச் சொன்னாள்.

மறுநாள் காலை வழக்கத்தைவிடக் கூட்டம். பராசக்தி நகர் வளைவைத் தாண்டியதும் ஒரு வேன் திடீரென்று கதவைத் திறந்தது. அவள் பிரேக்கை அழுத்தினாள். கைப்பிடி உள்ளே போனது, வண்டி நிற்கவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டே போனது. முதுகில் காற்று வேறு தள்ளியது. கதவுக்கு ஒரு முழம் விலகித் தப்பித்து, இரண்டு காலையும் தரையில் தேய்த்து, செருப்பு வார் அறுந்து, ரோட்டோர நேந்திரங்காய் சிப்ஸ் கடையின் தார்ப்பாயில் போய் மோதி நின்றாள். முழங்கை சிராய்த்தது. சிப்ஸ் மூட்டைகள் மேலே விழுந்ததால் எலும்புக்கு ஒன்றுமில்லை.

எழுந்ததும் போனை எடுத்தாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. போன வாரம் காற்று அடிக்க அவன் கடையில் வண்டியை விட்டுவிட்டுப் பக்கத்தில் டீ குடிக்கப் போயிருந்தாள். அந்த நேரத்தில்தான் நல்ல பிரேக்கைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டியிருக்கிறான். வண்டி கண்ணை விட்டுப் போன ஒரே நேரம்.

"ஏலே முஃபீத்! கொல்லப் பாத்திட்டியேடா பாவி!"

அவன் தன்னுடைய மடக்கு வண்டியில் பறந்து வந்தான். முதலில் அவள் முழங்கையைப் பார்த்தான். பிறகு குனிந்து சக்கரத் தட்டை விரலால் தொட்டான். விரலை மூக்குக்கு அருகே கொண்டுபோனவன் நிமிர்ந்து மணியைப் பார்த்தான்.

"என்னலே, வாயடைச்சுப் போச்சா?"

"ரயிலுக்கு நேரமாச்சுக்கா. என் வண்டிய எடுத்துட்டுப் போங்க. உங்க வண்டிய நான் கடைக்குக் கொண்டு போறேன். சாயங்காலம் பேசுவோம்."

குழல்வாய்மொழிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டியைத் தனியாகக் கொண்டுபோய், சாயங்காலத்துக்குள் நல்ல பிரேக்கை மாட்டி வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கப் போகிறான். இங்கேயே உட்கார்ந்து நாலு பேரைச் சேர்த்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஆனால் கைப்பையில் சாவி இருந்தது. இந்நேரம் பெர்சிஸ் இன்னொரு சாவியோடு கிளையைத் திறக்கக் கிளம்பியிருப்பாள். இது மூன்றாவது முறை. ரயில் போனால் திருவேங்கடம்.

அவள் இரண்டையும் விடவில்லை. வண்டியை மடக்கிப் போர்வைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தாள். சிப்ஸ் கடைத் தார்ப்பாய்க்கு அடியில் பையைத் துடைத்து, ஜிப் முடிகிற இடத்தில் கைப்பையிலிருந்து ஒரு முத்திரை ஒட்டுத்தாளை எடுத்து ஒட்டினாள். தாளிலும் பையிலுமாகக் கையெழுத்துப் போட்டாள். அதோடு விடாமல் முஃபீத்தையும் போடச் சொன்னாள்.

சிப்ஸ் கடைக்காரர் வாயில் போட்ட சிப்ஸை மென்று விழுங்க மறந்தார். "என்னம்மா, உள்ள தங்கமா?"

முஃபீத் கையெழுத்துப் போட்டான். "பிரேக்கை மெதுவா தொடுங்கக்கா. என் வண்டி பிரேக் நல்லாப் பிடிக்கும்" என்றான்.

நன்றாகத்தான் பிடித்தது. ஸ்டேஷன் வரை கத்திக்கொண்டே பிடித்தது. பாசஞ்சர் நகரத் தொடங்கும்போது யாரோ வண்டியை உள்ளே இழுத்துவிட, அவள் ஒற்றைச் செருப்போடு ஏறினாள். கிளையில் இரண்டு சாவியும் சேர்ந்தன. கதவு திறந்தது.

"என்ன மேடம் கோலம் இது?" என்றாள் பெர்சிஸ்.

"ஒரு திருட்டுப்பயல்ட்ட மாட்டிக்கிட்டேன் மேடம். சாயங்காலம் போயி வச்சுக்கிடுதேன்."

மத்தியானத்துக்கு முன்னால் கீழப்பாவூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். முந்தின நாள் குற்றாலத்தில் குளித்துவிட்டு, அம்பாசமுத்திரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்களாம். அந்த அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தாள். குழல்வாய்மொழி அதை எடுத்ததும் விரலில் பிசுக்கு ஒட்டியது. எண்ணெய்க் குளியல் குளித்தவர்களின் சங்கிலி அப்படித்தான் இருக்கும். எண்ணெய் இருந்தால் கல்லில் நகை வழுக்கும், உரை சரியாக விழாது. முதலில் துடைக்க வேண்டும். அவள் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தாள். வாசம் வந்தது. விஜயசங்கர் கடையின் மூலிகை எண்ணெய் வாசம்.

துணியும் கையுமாக அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். காலையில் முஃபீத் விரலை மூக்குக்குக் கொண்டுபோனது நினைவுக்கு வந்தது. வெண்ணெயாக வழுக்கிய பிரேக் நினைவுக்கு வந்தது. கோழி இறகு நினைவுக்கு வந்தது.

"என்னம்மா, சங்கிலில எதும் கோளாறா?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"சங்கிலில ஒண்ணுமில்ல" என்றாள் குழல்வாய்மொழி.

சாயங்காலம் அவள் மேலகரத்தில் முஃபீத்தின் வண்டியை விட்டு இறங்கியபோது சாரல் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. பை கடையின் நடுவில், வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில், ஒரு நாற்காலி மேல் இருந்தது. அவள் பழக்கத்தில் நேராக முத்திரையைத்தான் பார்த்தாள். கிழியவில்லை. ஓரத்தை நகத்தால் கீறியும் பார்த்தாள். இரண்டு கையெழுத்தும் அப்படியே இருந்தன.

"காலையிலயே தெரியுமா உனக்கு?"

"வாசம் வந்துச்சுல்லாக்கா. அண்ணாச்சி கடை எண்ணெய் எனக்குத் தெரியாதா? எங்க வாப்பா முட்டுக்கு அதைத்தான் தேய்க்காங்க."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா? எண்ணெய நீதான் தடவி வச்சிருக்கன்னு சொல்லியிருப்பீங்க. அதுக்குள்ள ரயில் போயிருக்கும்."

 சரியாக அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"முத்திரைய ரெண்டு பேரும் சேந்துதான் பிரிக்கணும்" என்றாள். அவன் ஒரு முனையைப் பிடித்தான். இவள் மறுமுனையைக் கிழித்தாள்.

எண்ணெய் ஊறிய கட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்ட வேண்டியிருந்தது. தட்டை ஸ்பிரிட் போட்டுப் பலமுறை துடைத்தான். அவள் ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் கை போகும் இடமெல்லாம் பார்த்தாள். புதுக் கட்டையின் உறையை அவளிடம் காட்டிவிட்டுத்தான் அவன் பிரித்தான். பழைய கட்டைகளைக் காகிதத்தில் பொதிந்து கேட்காமலே கொடுத்தான். அவள் வாங்கி மோந்து பார்த்துவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"காலைல பாவின்னு சொன்னேன்" என்றாள்.

"திருட்டுப்பயன்னும் சொல்லியிருப்பீங்க, நான் இல்லாத இடத்துல."

அவள் கைப்பையை மூடினாள். வண்டியை விரித்து ஏறினாள். கடைக்கு வெளியே ஒரு தடவை பிரேக்கைப் பிடித்தாள். கீச் என்று ரோடே திரும்பிப் பார்க்கும் கத்தல். வண்டி நின்ற இடத்தில் நின்றது.

"பிடிக்குது" என்றாள்.

முகத்தில் காற்றும் சாரலும் அடிக்க, குற்றாலத்தைப் பார்த்து மிதித்து ஏறினாள். மேட்டில் பாதி போனதும் அவளுக்குள் பழையபடி ஏதோ சந்தேகம் உறுத்தியது. சட்டென்று திரும்பிக் கீழே பார்த்தாள். முஃபீத் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் போகும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாரலில் முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அவன் சிரிப்பது போலத்தான் இருந்தது.